தண்ணீரைப் பார்த்து நடவு: வேலைக்குப் போய்க்கொண்டே குரூப் 4 படிப்பவர்களுக்கு

தனியார் மருத்துவமனை ஒன்றில் பில் கவுன்டரில் வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது, என் கட்டிலுக்கு அடியில் 27 புத்தகங்கள் இருந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடநூல்கள், பயிற்சி மையத்தில் படித்த தோழி கொடுத்த கையேடுகள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய கணக்குப் புத்தகங்கள். கைபேசியில் ஒன்பது டெலிகிராம் குழுக்கள். ஒவ்வொன்றிலும் நாளுக்கு நான்கைந்து பிடிஎஃப் வந்து விழும். இரவு ஒன்பதேகாலுக்குப் பாத்திரம் கழுவி முடித்து வரலாற்றுப் புத்தகத்தைத் திறப்பேன். நான்கு பக்கம் போவதற்குள் இலக்கணம் அப்படியே கிடக்கிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். இலக்கணத்தை எடுத்தால் கணக்கு கூப்பிடும். பதினொரு மணிக்கு, எதையும் உருப்படியாகப் படிக்காமலேயே படித்த களைப்போடு விளக்கை அணைப்பேன். அந்த முறை தமிழ்ப் பகுதியில் தேறினேன். மொத்த மதிப்பெண் வேலைக்கு எட்டவில்லை.

இந்த நிலைக்குத் தமிழில் சரியான சொல் இருக்கிறது: மலைப்பு. படிக்க வேண்டியது மலையாக எதிரில் நிற்க, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே களைத்துப்போவது. வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரண்டும் சேர்ந்தவர்கள் இந்தத் தேர்வுக்குப் புதிதாக வரும்போது முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். யாரிடம் கேட்டாலும் ஒரே யோசனை வரும்: இன்னும் சீக்கிரம் எழு, இன்னும் கொஞ்சம் முயற்சி செய். நானும் நான்கு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தேன். ஒன்பது நாள் தாக்குப்பிடித்தேன். பத்தாம் நாள் மாலை கல்லாவை எண்ணும்போது 1,400 ரூபாய் குறைந்தது. தூக்கக் கலக்கத்தில் யாருக்கோ மீதியைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு வழி காட்டியது என் அப்பா நிலத்தில் செய்துவந்த ஒரு காரியம். லால்குடிப் பக்கம் பெருவளை வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குப் பத்து மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) நிலம். மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அப்பா பத்து மாவிலும் நாற்று நடமாட்டார். வாய்க்காலில் தண்ணீர் விடும் முறை எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும் என்று விசாரிப்பார். ஆறு மாவில் நடுவார். மீதி நான்கு மாவில் உளுந்து தெளிப்பார், இல்லையென்றால் தரிசாகப் போடுவார். "பத்திலும் நட்டுவிட்டால் தண்ணீர் கூடவா வரும்? பத்தும் சேர்ந்து காயும்" என்பார். பாடத்திட்டம் என்பது நிலம். நம் நேரம்தான் தண்ணீர். முதல் முறை நான் நிலத்தைப் பார்த்து நட்டேன். இரண்டாம் முறை தண்ணீரைப் பார்த்து நட்டேன். அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

தேர்வின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வின் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பணியிடங்களை நிரப்புகிறார்கள். பெரும்பாலான பணிகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தட்டச்சர் போன்றவற்றுக்குத் தனித் தகுதி உண்டு. எழுத்துத் தேர்வு ஒன்றே ஒன்று, நேர்காணல் கிடையாது. 3 மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் தமிழ் 100 கேள்வி, பொது அறிவு 75, திறனறிவுக் கணக்குகள் 25. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் குறைந்தது 60 எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள்.

காலக்கெடுவையும் சேர்த்துப் பாருங்கள். 2024-இல் அறிவிக்கை ஜனவரி 30 அன்று வந்தது, தேர்வு ஜூன் 9 அன்று நடந்தது. நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது. 2025-இல் அறிவிக்கை ஏப்ரல் 25, தேர்வு ஜூலை 12. வெறும் 11 வாரம். அறிவிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று வேலையில் இருப்பவர்கள் காத்திருக்கக்கூடாது. தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுத் திட்ட அட்டவணையில் தேர்வு நாளைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்குங்கள்.

வாரத்தின் 168 மணியை எழுதிப் பாருங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு மாலை முழுவதையும் கொடுங்கள். மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கும்.

குறுக்கே கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். படிப்பைப் பற்றி எதுவும் எழுதாமல், ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். நான் எழுதியது இது. தூக்கம் நாளுக்கு 7 மணி, வாரத்துக்கு 49. வேலை ஆறு நாளும் எட்டரை மணி, 51. லால்குடியிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் வந்து அங்கிருந்து மருத்துவமனைக்கு நடந்து, மாலை அதே வழியில் திரும்ப நாளுக்கு 2 மணி, 12. சமையல், துணி, பாத்திரம், பிள்ளையைக் கவனிப்பது என்று நாளுக்கு 4 மணி, 28. குளியல், சாப்பாடு, கிளம்புவது ஒன்றரை மணி, 10.5. கூட்டினால் 150.5. மிச்சம் 17.5 மணி.

அதோடு நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடைக்குப் போக வேண்டும், யாராவது வீட்டுக்கு வருவார்கள், வளைகாப்பு, காதுகுத்து என்று ஏதாவது வரும். அதற்கு நாலரை மணி எடுத்து வைத்தேன். மிச்சம் 13. அந்தப் பதின்மூன்றிலும் மாத இறுதியில் கணக்கு முடிக்கும் நாள், தலைவலி வந்த இரவு, மின்வெட்டு எல்லாம் இருக்கின்றன. ஆகவே 10 என்று எழுதி வட்டமிட்டேன். வாரத்தில் நான்கு இரவுகள் ஒன்றேகால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 5 மணி நேரம்.

அந்தப் பத்தைப் பார்த்ததும் அழுகை வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் படிக்கும் பிள்ளைகளோடு பத்து மணியை வைத்துக்கொண்டு எப்படிப் போட்டியிடுவது? சிறிது நேரம் கழித்து வேறொன்று புரிந்தது. இந்தப் பத்து இன்றைக்குக் குறைந்து போனதில்லை. போன ஆண்டும் இதே பத்துதான் இருந்தது. முப்பது இருப்பதாக எண்ணி அட்டவணை போட்டுவிட்டு, மீதி இருபது மணிக்காக ஒவ்வொரு இரவும் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் தாளிலும் ஓர் எண் வரும். அது ஆறாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அதைக் கூட்டிக்காட்ட ஆசை வரும். தூக்கத்தில் ஒரு மணியைக் கழித்தால் ஏழு மணி சேருமே என்று கை தானாகப் போகும். வேண்டாம். தூக்கத்தைக் கழித்துப் படித்தது தேர்வு வரைக்கும் நிற்பதில்லை. என் கல்லா குறைந்த கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நேரத்தையும் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நம்பர் 1 டோல்கேட் தாண்டினால் நிற்கக்கூட இடம் இருக்காது. இடம் கிடைத்த நாளில் முந்தைய இரவு படித்ததை ஒரு சிறு சீட்டில் திருப்பிப் பார்க்கலாம். கிடைக்காத நாளில் ஜன்னல் வழியாகக் கொள்ளிடத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். அந்த ஓய்வும் வேண்டும்.

இப்போது பெருக்குங்கள். தேர்வுக்கு 26 வாரம் இருந்தது. பொங்கல், நாத்தனார் திருமணம், காய்ச்சல் என்று 4 வாரத்தைக் கழித்தேன். 22 வாரம், வாரத்துக்கு 10 மணி, மொத்தம் 220. எதிர்பாராததற்கு இன்னும் 20 கழித்தால் 200 மணி நேரம். வாய்க்காலில் எனக்கு வரும் தண்ணீர் அவ்வளவுதான்.

ஒரு பாடத்துக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது?

கனடாவில் உளவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். 1994-இல் வெளிவந்த ஆய்வு இது. மிக மோசமாக நடந்தால் என்று யோசித்துச் சொன்ன கணக்கையும் நடப்பு தாண்டிவிட்டது என்பதைக் கவனியுங்கள். சோம்பலால் வந்த தவறாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்காலத்தைக் கணக்கிடும்போது எல்லோருக்கும் இப்படித்தான் கை குறுகிவிடுகிறது.

ஆகவே ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'தமிழ்நாட்டில் சமூக மாற்றங்கள்' என்ற பாடத்தை எடுத்தேன். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துக் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். படித்து, குறிப்பெடுத்து, பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்த்து எழுந்தபோது ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டு வாரம் கழித்துத் திருப்பிப் பார்க்க இன்னொரு அரை மணி. தமிழில் ஒன்று, பொது அறிவில் ஒன்று, கணக்கில் ஒன்று என்று மூன்று பாடங்களை இப்படி அளந்துவிட்டாலே 200 மணியில் எத்தனை பாடம் அடங்கும் என்று தெரிந்துவிடும். அளக்கும் வரையில், உங்களுக்குத் தோன்றும் நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எதை விடுவது என்று தேர்ந்தெடுங்கள்

எதைப் படிப்பது என்று முடிவு செய்வது சுலபம். எதைப் படிக்கப் போவதில்லை என்று எழுதுவதுதான் கடினம், மலைப்பைக் குறைப்பதும் அதுதான்.

முதலில் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கி அச்செடுங்கள். பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது உண்டு என்பதால் பழைய கையேட்டில் இருப்பதை நம்ப வேண்டாம். முதல் முறை நான் செய்த பெரிய தவறு, பாடநூல்களை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு வரலாற்றின் முதல் பாடமே முதல் உலகப்போர். ஐரோப்பாவின் கூட்டணிகளை எல்லாம் மனப்பாடம் செய்தேன். பாடத்திட்டம் கேட்பதோ இந்திய வரலாறு, இந்திய தேசிய இயக்கம், தமிழ்நாட்டின் வரலாறும் பண்பாடும். பாடநூல் பள்ளி மாணவருக்காக எழுதியது. நாம் படிக்க வேண்டியது பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் உரிய பக்கங்களை மட்டும்.

அடுத்து, கடைசி ஐந்து தேர்வுகளின் வினாத்தாள்களை எடுங்கள். விடைகளோடு இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு எண்ணுங்கள். யூடியூபில் யாரோ சொல்லும் 'முக்கியமான பகுதிகள்' பட்டியலைவிட, ஐந்து தாள்களில் உங்கள் கையால் எண்ணியது நம்பகமானது. இதற்கு எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. அந்த ஏழு மணிக்காக நான் வருந்தியதே இல்லை.

என் 200 மணியை இப்படிப் பிரித்தேன். தமிழுக்கு 80, ஏனென்றால் பாதி மதிப்பெண் அதில் இருக்கிறது, 60 எடுக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். கணக்குக்கு 45. சதவீதம், மீப்பெரு பொது வகுத்தி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும் என்று தலைப்புகள் எல்லைக்குள் இருக்கின்றன. பழகினால் பலன் நிச்சயம். பொது அறிவுக்கும் 45 தான். கேள்வி 75 ஆயிற்றே, இவ்வளவு குறைவா என்று தோன்றும். பொது அறிவு கடல். நூறு மணி கொடுத்தாலும் போதாது. கரையோரம் உறுதியாக நிற்கும் இடங்களை மட்டும் எடுத்தேன்: இந்திய அரசியலமைப்பு, விடுதலைப் போராட்டம், தமிழ்நாட்டின் வரலாறும் சமூக சீர்திருத்தமும், நலத்திட்டங்கள். மீதி 30 மணி, ஆறு முழு மாதிரித் தேர்வுகளுக்கு. ஒவ்வொன்றுக்கும் எழுத 3 மணி, தவறுகளைப் பார்க்க 2 மணி. உங்கள் பலம் வேறாக இருந்தால் பிரிப்பும் வேறாக இருக்கட்டும். கணக்கில் தேர்ந்தவர் 45-ஐ 20 ஆக்கிக்கொள்ளலாம்.

பிறகு நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, அட்டையில் 'விட்டவை' என்று எழுதினேன். இயற்பியலில் கணக்கு வரும் பாடங்கள். வேதியியலில் கால் பங்கு தவிர மற்றதெல்லாம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள் முழுவதும். நாள்தோறும் வரும் நடப்பு நிகழ்வுகள். அதற்குப் பதிலாக மாதம் ஒரு முறை ஒரே ஒரு தொகுப்பு. ஒவ்வொரு வரியை எழுதும்போதும் இதிலிருந்து ஐந்து கேள்வி வந்துவிட்டால் என்று நெஞ்சு படபடத்தது. வரத்தான் செய்யும். அந்த ஐந்து போகும் என்று தெரிந்தே எழுத வேண்டும். எழுதாமல் விட்டாலும் அவை போகத்தான் போகின்றன. கூடவே வேறு பத்தையும் இழுத்துக்கொண்டு போகும், மனமும் கெடும். அப்பா தரிசாகப் போட்ட நான்கு மாவைப் பார்த்து வருந்தாமல் இருந்ததில்லை. வரப்பில் நின்று பார்ப்பார். ஆனால் அதில் தண்ணீர் திருப்பமாட்டார்.

அன்றிரவே ஒன்பது டெலிகிராம் குழுக்களில் எட்டிலிருந்து வெளியேறினேன். மீதமிருந்ததில் அறிவிப்புகள் மட்டும் வரும். அதையும் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பார்த்தேன்.

அடுப்பில் இரண்டு பாத்திரம்

அன்றாடம் எப்படிப் படிப்பது என்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே விதி: எந்த நேரத்திலும் இரண்டு பாடங்களுக்கு மேல் நடப்பில் இருக்கக்கூடாது. வீட்டு அடுப்பில் இரண்டு பர்னர்தான் இருக்கிறது. சோறு ஒன்றில், குழம்பு ஒன்றில். பொரியல் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை இறக்க வேண்டும். வார இரவுகளில் தமிழ் அல்லது பொது அறிவில் ஒரு பாடம், ஞாயிற்றுக்கிழமை கணக்கில் ஒரு தலைப்பு. எடுத்த பாடம் முடிந்து, அதன் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்த்த பிறகுதான் அடுத்த புத்தகம் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். மற்ற 25 புத்தகங்களையும் ஒரு சாக்கில் கட்டி வைத்தேன். கண்ணில் படாமல் இருப்பதே பாதி நிம்மதி.

படிக்கும்போது வேறு பாடத்தின் நினைவு வந்தால் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். குறித்துவிட்டால் மனம் விட்டுவிடும்.

பத்தரை மணிக்கு, பாதிப் பக்கத்தில் இருந்தாலும், மூடிவிடுங்கள். தொடக்கத்தில் இது உறுத்தும். ஆனால் முடியும் நேரம் தெரிந்தால்தான் தொடங்கும்போது மனம் ஒப்பி உட்காருகிறது.

வீட்டில் தாளைக் காட்டுங்கள்

168 மணிக் கணக்கைக் குறிப்பேட்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். நான் என் கணவரிடம் காட்டினேன். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார்.

"மிச்சம் இவ்வளவுதானா? நீ ராத்திரி எல்லாம் படிக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்."

"இவ்வளவுதாங்க. வீட்டு வேலைக்குப் போகும் இந்த 28 மணியில் உங்களால் எதை எடுத்துக்கொள்ள முடியும் என்று பாருங்கள்."

வாரத்தில் நான்கு இரவு பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, பாத்திரம் கழுவுவது இரண்டையும் அவர் எடுத்துக்கொண்டார். என் மாமியார், "நான் காலையில் காய் நறுக்கி வைத்துவிடுகிறேன், நீ தாளித்து இறக்கினால் போதும்" என்றார். இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு நான்கு மணி நேரம் மிச்சமாயிற்று. அதில் ஒரு நிமிடத்தைக்கூடப் படிப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. படிப்பதற்கு முன்னால் மூச்சு வாங்க அந்த நேரம் தேவைப்பட்டது. ஒன்பதேகால் வரை ஓடிவிட்டு அப்படியே புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் எழுத்து கண்ணில்தான் படும், உள்ளே போகாது.

இதைக் குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுவதாகப் பதிவாகியிருக்கிறது. அதே வேலையில் ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். நம் நேரத்துக்கு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும்போது, அந்த எல்லையில் ஒரு பகுதி பிறர் போட்ட வேலி என்பதையும் பார்த்துவிட வேண்டும். 24 மணி நேரத்தை யாராலும் நீட்ட முடியாது. ஆனால் 299-ஐ 200 ஆக்கலாம். கேட்பதற்குக் கூச்சம் இருந்தால் தாளை மட்டும் கையில் கொடுங்கள், எண்களே பேசும். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில், படிக்கிற தங்கைக்கு மட்டும் ஏன் விருந்தாளிகளுக்குக் காபி போடும் வேலை வருகிறது என்று வீட்டாரும் யோசிக்கட்டும்.

உறவுக்காரர் அழைப்புகளை மறுப்பதும் இதில் அடங்கும். எல்லாவற்றையும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. திருமணத்துக்குப் போவேன், முந்தைய நாள் நலங்குக்குப் போகமாட்டேன் என்று வரையறை வைத்தேன். முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால்தான் மனத்தாங்கல்.

போன வாரம் போனதுதான்

ஒன்பதாவது வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள். அந்த வாரம் படித்தது ஒன்றரை மணி நேரம். முன்பு இருந்த நான், விட்ட எட்டரை மணியை அடுத்த வாரத்தோடு சேர்த்து 18.5 என்று எழுதியிருப்பேன். அதையும் முடிக்காமல் அதற்கடுத்த வாரம் 25 ஆகியிருக்கும். மலைப்பு திரும்ப வரும் வாசல் இதுதான்.

போன முறையில் நம் வயலுக்குப் பாயாத தண்ணீரை இந்த முறையில் சேர்த்துக் கேட்க முடியாது. ஆகவே இழந்த மணி நேரத்துக்குச் சமமான பாடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்து 'விட்டவை' குறிப்பேட்டுக்கு மாற்றுங்கள். எட்டரை மணி போனால் ஏறக்குறைய நான்கு பாடம். எதிர்பாராததற்கு ஒதுக்கிய 20 மணி மிச்சமிருந்தால் முதலில் அதிலிருந்து கழியுங்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் 10 மணியோடு தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு இந்தக் கழித்தலுக்குப் பத்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் அடுத்த வாரத்தைத் தொடங்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கைபேசியைப் பார்த்துக்கொண்டு விட்ட வாரத்தையும், காய்ச்சலில் விட்ட வாரத்தையும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளாதீர்கள். கழிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் காரணத்தை உண்மையாக எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே காரணம் வந்தால் பத்து என்ற எண்ணே தவறு என்று பொருள். அப்போது எட்டாகக் குறையுங்கள். தூக்கம் வராத இரவுகளும் படபடப்பும் வாரக் கணக்கில் தொடர்ந்தால், அட்டவணையைத் தூக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது நேரக் கணக்கால் தீரும் விஷயம் அல்ல.

தேர்வுக் கூடத்திலும் இதே கணக்கு

180 நிமிடத்தில் 200 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. விடைத்தாளில் வட்டத்தைக் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பும் நேரமும் அதற்குள்தான். மாதிரித் தேர்வுகளில் இதைப் பழகியிருக்க வேண்டும். நான் தமிழுக்கு 60 நிமிடம், பொது அறிவுக்கு 50, கணக்குக்கு 45, திரும்பிப் பார்க்க 25 என்று வைத்துக்கொண்டேன். ஒரு கணக்கு ஒன்றரை நிமிடத்தில் வழிக்கு வராவிட்டால் ஓரத்தில் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதில் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் நான்கு எளிய கேள்விகளின் நேரம் போய்விடும்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே தெரியாத கேள்விக்கும் ஏதாவது ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கலாம். விடையளிக்க விருப்பமில்லை என்றால் அதற்கென இருக்கும் ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும். எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது.

இரண்டாம் முறை தேர்வு எழுதியபோது வினாத்தாளின் நடுவில் வேதியியலில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வந்தன. இரண்டுமே என் 'விட்டவை' குறிப்பேட்டில் இருந்தவை. அந்தக் குறிப்பேட்டின் மூன்றாம் பக்கம், ஊதா மையில் எழுதிய வரி கண்முன் வந்தது. முதல் முறையாக இருந்தால், இதைப் படிக்காமல் போனோமே என்று அடுத்த பத்துக் கேள்விகளும் மங்கியிருக்கும். இந்த முறை இரண்டுக்கும் ஒவ்வொரு வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்வியைப் படித்தேன். அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் பற்றிய கேள்வி, நான் நட்ட ஆறு மாவில் விளைந்தது.